தூண்டில் கேள்வி – பதில்: விழுந்த நம்பரைத் திட்டாதீர்கள், ஆழம் பாருங்கள்

போன இதழில், மகள் வீட்டுக்கு பர்மிங்காம் போயிருந்தபோது அங்கே ஒரு கால்வாய்க் கரையில் நாள் முழுக்க உட்கார்ந்து தூண்டில் போட்டி பார்த்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நாலு வரிக்குத்தான். அதனால் பாறை, ஊளி மீன்கள் பற்றி வந்த கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். இந்த முறை கால்வாய், கண்மாய், முகத்துவாரம் என்று கரையில் உட்கார்ந்து தக்கையைப் பார்க்கிற விஷயம் மட்டும்.

கேள்வி: அண்ணே, ஐந்து மணி நேரம் உட்கார்ந்து பிடித்த மீனை எடை போட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. அப்படி என்ன போட்டி அது?
– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: நம்பச் சொல்லுங்கள் தம்பி, கண்ணால் பார்த்தது. அங்கே நன்னீர் மீனை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சால்மன், டிரவுட் இரண்டும் ஒரு பக்கம், மற்றதெல்லாம் 'கோர்ஸ்' மீன் என்று இன்னொரு பக்கம். ரோச், பிரீம், பெர்ச், கட்ஜன் எல்லாம் இந்த இரண்டாவது வகை. ரோச்சும் பிரீமும் நம் கெண்டைக்கு உறவு, கால்வாயில் பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுதான் வரும். அதை யாரும் குழம்புக்குப் பிடிப்பதில்லை.

பர்மிங்காம் கால்வாயின் முதல் பகுதி 1769-ல் நிலக்கரி ஏற்றிவர வெட்டியது. அந்தக் காலத்தில் படகைக் குதிரை இழுத்துப் போகும், குதிரை நடந்த அந்தப் பாதை இன்னும் கரையோரமாக இருக்கிறது, அதில்தான் தூண்டில்காரர்கள் பெட்டி போட்டு உட்காருகிறார்கள். காலை எட்டு மணிக்கு ஒரு பைக்குள் கையை விட்டு ஆளுக்கு ஒரு நம்பர் எடுத்தார்கள். கரையில் அந்த நம்பர் போட்ட முளை எங்கே இருக்கிறதோ அதுதான் அன்றைக்கு உங்கள் இடம், அதை விட்டு நகரக் கூடாது. பத்து மணிக்கு விசில். மூன்று மணிக்கு இன்னொரு விசில். பிடித்த மீன் எல்லாம் தண்ணீருக்குள் முக்கி வைத்த நீளமான வலைப்பையில் உயிரோடு இருக்கும், கடைசியில் தராசைத் தூக்கிக்கொண்டு ஒருவர் முளை முளையாக வருவார், பவுண்டு அவுன்ஸ் கணக்கில் குறிப்பார், அடுத்த நிமிடம் மீன் தண்ணீருக்குள் போய்விடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே தண்ணீரில் அதே மீன் வேண்டுமே.

தூண்டில் போட அங்கே லைசென்ஸ் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 13 வயது நிரம்பிய யாராக இருந்தாலும் வாங்க வேண்டும். அதற்கு மேல் அந்தக் கரை எந்தச் சங்கத்திடம் இருக்கிறதோ அவர்களுடைய சீட்டும் வேண்டும்.

நம் கடலில் தொழிலுக்குப் போகிறவருக்கு மீன் சோறு. அவரிடம் போய் மீனைத் திரும்ப விடு என்று சொல்ல எனக்கோ உங்களுக்கோ உரிமை கிடையாது. இது பொழுதுக்குப் பிடிக்கிறவர்களுக்குள் நடக்கிற போட்டி, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: காக்கா, எங்கள் ஊர் ஜெட்டியில் பெருநாள் லீவுக்கு நண்பர்கள் எட்டுப் பேர் பந்தயம் வைத்துத் தூண்டில் போட்டோம். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது மோசமான இடம். பக்கத்தில் இருந்தவன் ஓரா மேல் ஓராவாக இழுக்கிறான், எனக்கு இரண்டு மணி நேரம் ஒன்றுமே இல்லை. இடம் சரியில்லை என்றால் என்னதான் செய்வது?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்துக்காகத்தான் இந்த மாதம் இவ்வளவு நீளம்.

நான் பார்க்கப் போனதே மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற, பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்காக. அவருக்கு அன்றைக்கு விழுந்தது வெட்டவெளி. எதிர்க்கரையில் ஒரு செடி கிடையாது, ஒரு நிழல் கிடையாது. அடுத்த முளைக்காரருக்கு எதிரே தண்ணீரைத் தொட்டபடி ஒரு புதர், அதற்குக் கீழே மீன் இருக்கும் என்று கண் தெரியாதவரும் சொல்லிவிடுவார். பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தூண்டில் முள்ளில் ஒரு சின்ன எடையைக் கோர்த்தார், பத்து மீட்டர் கம்பை நீட்டி மெதுவாகத் தண்ணீரில் இறக்கினார். தக்கை முழுசாக உள்ளே போய்விட்டால் தங்கூசி, அதாவது நைலான் நூல், பற்றவில்லை, ஆழம் அதைவிட அதிகம். தக்கை சாய்ந்து படுத்துவிட்டால் தங்கூசி கூடிப்போய்விட்டது. தக்கையின் நுனி மட்டும் மிளகு அளவுக்கு வெளியே நின்றால் அதுதான் சரியான ஆழம். ஒரு அடி தள்ளி மறுபடி. இன்னும் ஒரு அடி தள்ளி மறுபடி. இருபது நிமிடம் இதையே செய்தார், ஒவ்வொரு அளவையும் கம்பின் மேல் வெள்ளைப் பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொண்டார்.

கால்வாய் என்றால் தொட்டி மாதிரி ஒரே மட்டமாக இருக்காது. இரண்டு கரையோரமும் முழங்காலளவு மேடு, படகு போகிற நடுப்பகுதியில் இடுப்பு நெஞ்சு அளவு, மேட்டிலிருந்து நடுவுக்கு இறங்குகிற இடத்தில் ஒரு சரிவு. படகு கிளப்பிவிடுகிற தீனி எல்லாம் அந்தச் சரிவில் போய்த்தான் தங்கும். பெரியவர் தேடியது அந்தச் சரிவைத்தான். விசில் ஊதியதும் அங்கே ஒரு சிட்டிகை ஈப்புழுவைத் தூவினார், தாளிப்புக்குக் கடுகு போடுகிற அளவுதான். நாலைந்து நிமிடம் கழித்து இன்னொரு சிட்டிகை. மீன் நின்றுவிட்டது என்று பதறி அள்ளிப் போடவும் இல்லை, நன்றாக வருகிறது என்று கையை நிறுத்தவும் இல்லை.

பதினொன்றரைக்கு ஒரு படகு வந்தது. அந்த ஊர்க் கால்வாய்ப் படகு ஏழடி அகலம்கூட இருக்காது, பல மடைக்கதவுகளின் அகலமே ஏழடிதான். எல்லோரும் கம்பைத் தூக்கிக்கொண்டார்கள், தண்ணீர் காப்பி மாதிரிக் கலங்கிவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான், அந்தக் கலங்கலில், அவருக்கு நாலு பெர்ச் வந்தது, அதுவரை வந்த பொடி ரோச்சைவிட நல்ல எடை. புதர்க்காரர் அங்கே கிளையில் முள்ளை மாட்டி மாட்டி அறுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் பெரியவருக்கு எழுபதுக்கும் மேல் மீன், 4 பவுண்டு 10 அவுன்ஸ், நம் கணக்கில் இரண்டு கிலோ நூறு கிராம். முப்பது பேரில் நாலாவது. பரிசு இல்லை. ஆனால் அந்த வெட்டவெளியில் இருந்து அந்த எடையை எடுத்ததற்கு, முதலில் வந்தவரே நடந்து வந்து கை கொடுத்தார்.

இப்போது உங்கள் ஜெட்டிக்கு வருகிறேன். எட்டுப் பேரில் எத்தனை பேர் ஆழம் பார்த்தீர்கள்? ஜெட்டித் தூணை ஒட்டிப் பாசி பிடித்திருக்கும், ஓரா பாசி தின்கிற மீன், அது தூணை விட்டு அதிகம் விலகாது. உங்கள் நண்பர் தூணோரம் இறக்கியிருப்பார், நீங்கள் தூரம் போனால் பெரிய மீன் என்று வீசியிருப்பீர்கள், கடிதத்தில் "நல்ல தூரம் அடித்தும்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை முதல் பத்து நிமிடம் இரையே கோர்க்காதீர்கள். ஒரு ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, தரை மணலா, கல்லா, எங்கே பள்ளம் என்று கையால் தெரிந்துகொள்ளுங்கள். மணலில் குண்டு மெத்தென்று உட்காரும், கல்லில் டொக்கென்று கைக்கு வரும். நீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்பதையும் பாருங்கள், கடலில் ஆழம் மணிக்கு மணி மாறும், காலையில் போட்ட அளவு பதினொரு மணிக்கு உதவாது. கால்வாய்க்காரருக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

ஓரா வந்தால் முதுகுச் செட்டை முள்ளில் கவனம். அதைப் பற்றித் தொண்டிக்காரருக்குக் கீழே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பத்து மீட்டர் கார்பன் கம்பு ஆன்லைனில் பார்த்தேன் அண்ணே. வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், உச்சிப்புளி

பதில்: வேண்டாம் தம்பி. முதல் காரணம் மின்சாரம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், பத்து மீட்டர் கம்பைத் தூக்கி நிமிர்த்தினால் மேலே போகிற கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, உயர் அழுத்தக் கம்பிக்குப் பக்கத்தில் போனாலே பாய்ந்துவிடும். அந்த ஊரில் கரையில் கம்பி குறுக்கே போகிற இடத்தில் தூண்டில் போடக் கூடாது என்று போர்டே வைத்திருக்கிறார்கள். நம் கண்மாய்க் கரையில் பம்புசெட்டுக்குப் போகிற கம்பி எவ்வளவு தாழ்வாகத் தொங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். இரண்டாவது, அந்தக் கம்பில் ரீல் கிடையாது, நுனியிலிருந்து நேராகக் கட்டித் தொங்குகிற நூல்தான், உள்ளே ஒரு ரப்பர் இழுபடும். முடியைவிடக் கொஞ்சம் தடிப்பான தங்கூசியும், கடுகளவு முள்ளும் போட்டு ஐம்பது கிராம் மீன் பிடிக்கச் செய்த சாமான் அது. நம் முகத்துவாரத்தில் ஒரு கொடுவா வந்து மாட்டினால் கம்பே நிற்காது. நாலு மீட்டர் ஃபைபர் கம்பு, இல்லை நல்ல மூங்கில் போதும். மிச்சப் பணத்துக்கு நல்ல முள் வாங்குங்கள்.

கேள்வி: முள் நம்பர் 20 என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு பெரிய முள்ளா?
– ஒரு வாசகர், திருப்பாலைக்குடி

பதில்: தலைகீழ். நம்பர் கூடக் கூட முள் சிறிசாகும். 20-ம் நம்பர் முள் அரிசியைவிடச் சின்னது.

கேள்வி: ஐயா, ஈப்புழு எல்லாம் நமக்கு அருவருப்பு. வேறு என்ன இரை போடலாம்?
– ஆசிரியர், தேவிபட்டினம்

பதில்: அவர்களே எல்லோரும் ஈப்புழு போடுவதில்லை, ரொட்டியைச் சின்னக் குழாயால் குத்தி எடுத்து மிளகளவு வில்லையாகக் கோர்க்கிறவர்களும் உண்டு. நம் பக்கம் மண்புழுவுக்கு எதுவும் ஈடில்லை, கெளுத்திக்கும் கெண்டைக்கும் அதுவே போதும்.

ஆற்றங்கரையில், வைகை கடலில் சேருகிற அந்த முகத்துவாரத்தில், நான் மடவைக்கு மைதா போடுகிறேன். பரோட்டாவுக்குப் பிசைகிற பக்குவத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாக, அதில் பஞ்சை நூல் நூலாகப் பிய்த்துப் போட்டுப் பிசைய வேண்டும். பஞ்சு இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்த அரை நிமிடத்தில் மாவு கரைந்து வெறும் முள்தான் நிற்கும். பட்டாணியில் பாதி அளவு உருண்டை, முள் நுனி துளி வெளியே தெரியலாம். மடவை கவ்வி இழுக்கிற மீன் இல்லை, உறிஞ்சிப் பார்த்துத் துப்புகிற மீன். அதனால் தக்கை உள்ளே போகும் போகும் என்று காத்திருந்தால் மாவுதான் போகும். தக்கை நடுங்கும், ஒரு பக்கமாக ஒரு நூல் நகரும், அப்போதே மணிக்கட்டை மட்டும் மெல்லத் தூக்க வேண்டும். வாய் மெத்தென்று இருக்கும், வெடுக்கென்று இழுத்தால் உதடு கிழிந்து மீன் போய்விடும், போன மீனும் நன்றாக இருக்காது.

கேள்வி: ஐயா, என் பையனும் பெண்ணும் ஊர்க் கண்மாயில் தூண்டில் போடுகிறார்கள். சின்ன மீனைத் திரும்ப விடச் சொல்லி நான்தான் பழக்கினேன். ஆனால் விட்ட மீன் பாதி மிதக்கிறது. போன வாரம் பெண்ணுக்குக் கெளுத்தி முள் வேறு குத்திவிட்டது. என்ன தப்புச் செய்கிறோம்?
– ஒரு தாய், தொண்டி

பதில்: பழக்கியதற்கு முதலில் உங்களுக்கு நன்றி தங்கச்சி. தப்பு உங்களுடையது இல்லை, நம் வெயிலுடையது. பத்து டிகிரி குளிர்ந்த தண்ணீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரைந்திருக்கும், முப்பது டிகிரியில் அது 7.5-க்கு இறங்கிவிடும். நம் கண்மாய் பங்குனி, சித்திரையில் முப்பதைத் தாண்டும். அந்தத் தண்ணீரில் போராடிக் களைத்த மீனுக்கு மூச்சு திரும்புவதே பாடு. அந்த நேரத்தில் குழந்தைகள் காய்ந்த கையால் பிடித்து, கரை மண்ணில் போட்டு, அண்ணனுக்குக் காட்டி, போட்டோ எடுத்து விட்டால் மீன் பிழைக்காது. கையை நனைத்துவிட்டுத் தொடச் சொல்லுங்கள், காய்ந்த கையில் மீனின் மேல் இருக்கிற வழுவழுப்பு வந்துவிடும், அதுதான் அதற்குத் தோல் மேல் தோல். தூண்டில் முள்ளின் நுனியில் எதிர்ப்பக்கமாக நீட்டியிருக்கிற சின்னக் கொக்கியை இடுக்கியால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள், அப்புறம் முள் வெண்ணெயில் இருந்து வருகிற மாதிரி வந்துவிடும். மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கழற்றப் பழகட்டும். தூக்கி எறியக் கூடாது, உள்ளங்கையில் வைத்துத் தண்ணீருக்குள் பிடித்தால் அதுவே புறப்பட்டுப் போகும். வெயில் ஏறிய பிறகு தூண்டிலே வேண்டாம், காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள்.

எல்லா மீனையும் திரும்ப விடவும் வேண்டாம். ஜிலேபி மீன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, நம் கண்மாயை நிறைத்து உள்ளூர்க் கெண்டையை ஒதுக்கிவிட்டது, அது வந்தால் சட்டிக்குத்தான். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பதையே அரசு தடை செய்திருக்கிறது, அதையும் திரும்ப விடாதீர்கள்.

கெளுத்தி குத்தினால் செய்ய வேண்டியது இதுதான். கெளுத்தியின் முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள், அதில் விஷம் உண்டு, ஓராவின் செட்டை முள்ளிலும் உண்டு. அந்த விஷம் சூட்டில் செயலிழக்கும். கை பொறுக்கிற சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தால் கடுப்பு இறங்கும். குத்திய கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, அதனால் மற்ற கையை விட்டுப் பார்த்துத்தான் வைக்க வேண்டும், குழந்தைக்கு நீங்கள் உங்கள் கையை விட்டுப் பாருங்கள். முள் உள்ளே முறிந்திருந்தாலோ வீங்கிச் சிவந்தாலோ உடனே ஆஸ்பத்திரி, டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள். சுண்ணாம்பு தடவிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: ஈயக்குண்டைப் பல்லால் கடித்துத்தான் இத்தனை வருடமாக மாட்டுகிறேன். வெளிநாட்டில் ஈயமே கூடாது என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: உண்மை. இங்கிலாந்தில் 1987-லிருந்து சின்ன ஈயக்குண்டு விற்பனைக்கே தடை. கால்வாயிலும் ஆற்றிலும் சிதறிக் கிடந்த குண்டுகளை அன்னங்கள் கல் என்று விழுங்கிச் செத்துக்கொண்டிருந்தன, அதனால். இப்போது வேறு உலோகத்தில் செய்த குண்டுதான். நம் ஊரில் ஈயம்தான் கிடைக்கிறது, சரி, ஆனால் பல்லால் கடிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள் அண்ணே. ஈயம் உடம்பில் தங்கும், குழந்தைகள் பார்த்துப் பழகிக் கடித்தால் அவர்கள் மூளைக்கே கேடு. சின்னக் கொறடு ஒன்று பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

கேள்வி: அங்கேயும் மீன்பிடித் தடைக்காலம் உண்டா?
– விசைப்படகுத் தொழிலாளி, ராமேஸ்வரம்

பதில்: உண்டு. நமக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், 2017-க்கு முன்னால் 45 நாளாக இருந்தது. அங்கே ஆறுகளில் கோர்ஸ் மீனுக்கு மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை. ஜூன் 16 விடிவதற்காக ஆற்றங்கரையில் போய் இரவே உட்கார்ந்திருப்பார்களாம். ஜூன் 14 ராத்திரி நம் ஜெட்டியில் ஐஸ் ஏற்றிக்கொண்டு நிற்கிற உங்களுக்கு அந்த மனசு புரியும். ஒரு வித்தியாசம், பெரும்பாலான கால்வாய்களுக்கு அங்கே அந்தத் தடை கிடையாது, நமக்கு நாட்டுப் படகுக்கு விலக்கு இருக்கிற மாதிரி.

கேள்வி: அண்ணே, தை மாதம் எங்கள் ஊர் வரத்துக் கால்வாயில் இதே மாதிரி ஒரு போட்டி வைக்கலாம் என்று நாங்கள் இருபது பேர் பேசி வைத்திருக்கிறோம். எப்படி நடத்துவது?
– இளைஞர்கள், சாயல்குடி பக்கம் ஒரு கிராமம்

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அவ்வளவு சந்தோஷம். கண்மாய் வற்றும்போது ஊரே கூடி ஊத்தாவும் கச்சாவும் கொண்டு இறங்குகிற மீன்பிடித் திருவிழா நமக்குப் பழக்கம்தான், அதில் சேற்றுக்குள் இறங்கி அள்ளுகிற சந்தோஷம் தனி. இது தண்ணீர் நிறைய இருக்கும்போது சத்தமில்லாமல் உட்கார்ந்து செய்வது. தை சரியான மாதம், ஐப்பசி கார்த்திகை மழை இறங்கிக் கலங்கல் தெளிந்திருக்கும், வெயிலும் குறைவு.

முதலில் கண்மாய் மீன் பாசி, அதாவது மீன் பிடிக்கிற உரிமை, யார் குத்தகையில் இருக்கிறது என்று பாருங்கள். கால்வாய் மீனும் அதே கணக்கில் வரலாம். குத்தகைக்காரரிடமும் பஞ்சாயத்திலும் வாயால் இல்லாமல் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உங்கள் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் பறவைகள் சரணாலயம், அந்தக் கண்மாய்களில் இறங்கவே கூடாது, தை மாதம் அங்கே பறவை கூடு கட்டியிருக்கும்.

இடத்துக்கு இடம் பத்து மீட்டர் விட்டு முளை அடியுங்கள். மடைக்கு இரண்டு பக்கமும் இருபது அடி யாருக்கும் கொடுக்காதீர்கள், அங்கேதான் மீன் கூடும், அந்த நம்பர் விழுந்தவருக்கும் மற்றவருக்கும் சண்டை வரும். ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு முடித்துவிடுங்கள், ஐந்து மணி நேரம் நம் ஊருக்கு ஆகாது. விசிலுக்கு முன் அரை மணி நேரம் ஆழம் பார்க்க மட்டும் கொடுங்கள், அதைக் கட்டாயமாக்குங்கள், இரை போடக் கூடாது.

அங்கே மாதிரி வலைப்பையில் போட்டுக் கடைசியில் எடை பார்க்காதீர்கள். அந்தக் குளிர்ந்த தண்ணீருக்கு அது சரி, நம் தண்ணீரில் மூன்று மணி நேரம் பையில் அடைத்த கெண்டை உயிரோடு வராது. நனைத்த பலகையில் சென்டிமீட்டர் கோடு போட்டு, மீனை அதன் மேல் வைத்து, பக்கத்து முளைக்காரர் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும், உடனே தண்ணீருக்குள் விட வேண்டும். மொத்த நீளத்தைக் கூட்டிப் பரிசு கொடுங்கள். ஜிலேபிக்கும் நீளம் உண்டு, ஆனால் அது வாளிக்குப் போகட்டும், மதியம் அங்கேயே குழம்பு வைக்கலாம்.

ஒவ்வொரு முளைக்கும் ஒரு காலி டப்பா வையுங்கள், அறுந்த தங்கூசி ஒரு சாண் கூடக் கரையில் கிடக்கக் கூடாது. போன வருடம் எங்கள் ஊர்க் கண்மாயில் கால் இரண்டும் தங்கூசியில் சுற்றிக் கட்டுண்ட ஒரு நாரையை நான் கத்தரித்து விட்டேன். ஒரு கால் கறுத்துப்போயிருந்தது. பறந்ததா என்று கடைசி வரை பார்த்துக்கொண்டே நின்றேன், வேலிக்கருவைக்குள் இறங்கி மறைந்துவிட்டது.

தேதி முடிவானதும் எழுதுங்கள். அளவுப் பலகை இருபதும் நானே செய்து எடுத்து வருகிறேன், பழைய வேப்பம் பலகை வீட்டில் கிடக்கிறது.